பனிக்கு முன்னால் செல்லம்மாவுக்கு ஊசி

ஐப்பசி 5, வெள்ளி

விடியற்காலம் முதல் தூறல். கருவாடு காயப்போட வழியில்லை. நேற்று விரித்ததையும் வாரிக் கூடத்தில் குவித்தாயிற்று. வீடெல்லாம் வாடை.

மகள் வயிற்றுப் பேத்தி விட்டுப்போன அறிவியல் நோட்டில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் மூடியபோது முன்பக்கம் கொஞ்சம் எழுதி அப்படியே நின்றுபோன நோட்டு. மிச்சமெல்லாம் வெள்ளை. எடைக்குப் போட மனசு வரவில்லை. நான் நாலாவது வரைதான். ஆனாலும் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னாள். அதே டீச்சர்தான் மீன் வாடை என்று என்னைக் கடைசியில் தனியாக உட்கார வைத்தாள். இரண்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் டிவியில் ஒருவர். பனிக்காலத்தில் கொரோனா மறுபடி வரும், ஜாக்கிரதை என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மருமகள் ராணி மீன் ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, மறுபடியுமா?"

"அவரு சொன்னவொடனே வந்துருமா? மீன பூன தூக்குது பாரு."

சொன்னேனே தவிர நானும் டிவியை விட்டு நகரவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். போன சித்திரையில் இருந்த மாதிரியா இப்போது இருக்கிறோம்? இல்லை. எழுதி வைக்கிறேன், பயம் வந்தால் எடுத்துப் பார்க்க.

– காய்ச்சலை யாரும் மறைப்பதில்லை. முதல் வருஷம் மறைத்தார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று பயம்.
– விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி பஞ்சாயத்தில் இரண்டு. எண் குறைந்தால் உடனே வண்டி. யோசனை கிடையாது.
– பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் குழாய். என் மகன் சேகர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.
– ஏலக்கூடத்தில் கூடைக்கும் கூடைக்கும் நடுவில் சுண்ணாம்புக் கோடு. தாண்டினால் நாங்களே கத்துகிறோம்.
– சேகருக்கும் ராணிக்கும் இரண்டு ஊசியும் ஆயிற்று. எனக்கு ஆடியில் ஒன்று. இரண்டாவதுக்கு நாள் வந்துவிட்டது.

எழுதி முடித்ததும் கொஞ்சம் தெம்பு. அப்போது பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மா இருமினாள். வந்த தெம்பு போயிற்று.

ஐப்பசி 8, திங்கள்

மழை விட்டது. வெயில் இல்லை. துணி காயவில்லை.

காலை பத்து மணிக்கு நர்சுப் பெண் வந்தாள். ஸ்கூட்டியில், தோளில் நீலப் பெட்டி. குரும்பகரத்துப் பெண். தெருவில் நானும் நாய்களும்தான். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"என்ன ஆயா, உங்க ஊர்ல ஒருத்தரும் கதவத் தொறக்க மாட்டேங்குறாங்க. நாலு தடவ வந்துட்டேன். பாருங்க, பாதி வீட்டுக்கு மறுப்புன்னு எழுதி வச்சிருக்கேன். மேல கேக்குறாங்க, மீனவங்க ஏன் ஊசி வேணாங்குறாங்கன்னு."

"யாரு வேணான்னா? உங்க ஊர்ல பத்து மணிக்கு என்ன செய்வாங்க?"

"வயலுக்குப் போயிட்டு வந்து சாப்புட உக்காருவாங்க."

"எங்க ஊர்ல பத்து மணிக்கு ஆம்பள ஏலக்கூடத்துல இருப்பான், இல்லன்னா செத்த பொணமாத் தூங்குவான். ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போனவன் தாயி. பொம்பள கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிருப்பா. நீ தட்டுனா கதவு தொறக்குமா?"

அந்தப் பெண் மறுப்பு எழுதிய தாளை மறுபடி புரட்டிப் பார்த்தாள். படித்த பெண். இத்தனை நாள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். பாவம், வெயிலிலும் மழையிலும் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு நாலு தடவை வந்திருக்கிறாள்.

"அப்ப எப்ப வரட்டும் ஆயா?"

"நாலு மணிக்கு வா. பொம்பளைங்க திரும்பியிருப்பாங்க, ஆம்பளைங்க வல பின்னிக்கிட்டு இருப்பாங்க. இல்ல, தொறமொகத்துல புயல் கூண்டு ஏத்துன அன்னிக்கு வா. ஒரு போட்டும் போவாது. ஊரே வூட்டுல கெடக்கும்."

போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

போகும்போது அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வரி. செல்லம்மா, அதற்கு நேரே சிவப்பில் மறுப்பு.

ஐப்பசி 9, செவ்வாய்

பனி இல்லை, ஆனால் காலையில் புகை மாதிரி ஒரு மூட்டம். செல்லம்மாவின் இருமல் ஐந்து மணிக்கு ஆரம்பித்தது.

அவள் என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தன் போய் எட்டு வருஷம். ஒரே மகன், பஹ்ரைனில் மீன்பிடிப் போட்டில் இருக்கிறான், வர முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே இடுப்பளவுச் சுவர். பதினேழு வருஷமாகப் பேச்சு இல்லை. என் மகள் வள்ளி கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. சுனாமிக்கு முந்தின வைகாசி. பந்தல் அவள் வாசல் வரைக்கும் போட்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். மறக்கவில்லை.

பேச்சு இல்லை என்றாலும் ஜாடை உண்டு. அவள் தன் கோழியிடம் சொல்லுவாள். கருப்பி என்று பெயர். நான் என் அம்மியிடம் சொல்லுவேன். எட்ட வேண்டியது எட்டிவிடும்.

சித்திரையில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் வந்தது. எனக்குத்தான் அதிகம். ராணி எழுந்து உலை வைக்க முடியாமல் தரையிலேயே கிடந்தாள். சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். அவ்வளவுதான். யார் யார் போன் மட்டும் செய்தார்கள் என்று பட்டியலே இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

இரண்டாம் நாள் காலை. சுவர் மேல் ஒரு தூக்கு. மூடியைத் திறந்தால் ஆவி பறக்கக் கஞ்சி, மேலே ஒரு கிண்ணத்தில் சுட்ட நெத்திலிக் கருவாடு. அந்தப் பக்கம் குரல் மட்டும்.

"ஏ கருப்பி, கஞ்சி ஆறிப்போனா யாரும் குடிக்க மாட்டாங்க, சொல்லு."

பதினான்கு நாள். ஒரு வேளை தப்பவில்லை. இளைப்பு நோய்க்காரி, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும், எங்கள் வீட்டுக் காற்றே அவளுக்கு ஆகாது. முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். நன்றி என்று நான் அம்மியிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசி நாள் தூக்கு இன்னும் என் அடுக்களையில் இருக்கிறது. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. எதையாவது போட்டுத் திருப்பினால் நான்தான் முதலில் இறங்கி வந்ததாக ஆகும். ஐந்தாறு மாதமாக அந்தத் தூக்கைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.

மார்கழிப் பனி சும்மாவே அவளைப் படுக்கப் போடும். போன மார்கழியில் கண் மேலே சொருகி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த மார்கழியில் அந்த நோயும் சேர்ந்து வந்தால்?

மேலே எழுதிய காரணங்களை எல்லாம் மறுபடி படித்தேன். எதுவும் சுவரைத் தாண்டவில்லை.

ஐப்பசி 11, வியாழன்

அரைநாள் மழை. மத்தி மலிவாக வந்தது. குழம்பு.

இன்று அம்மியிடம் பேசினேன். துவையல் அரைக்கிற சாக்கில், கொஞ்சம் சத்தமாகவே.

"அம்மி, நர்சுப் புள்ள வரப்போவுதாம். நெஞ்சுல கோழ கட்டுறவங்க மொதல்ல போட்டுக்கணுமாம்."

அந்தப் பக்கம் கோழிக்குத் தவிடு கலக்குகிற சத்தம் நின்றது.

"கருப்பி, அம்மிக்கு எளப்பு வந்துருச்சாம் பாரு."

"அம்மிக்கு எளப்பு இல்ல. காது இருக்கு. அதான் சொல்றேன்."

"ஏன் கருப்பி, மைக்குல கூப்புட்டா ஓடுறதுக்கு நான் என்ன ஏலத்துக்கு வந்த வஞ்சிரமா? ஊசி போடுறாங்க, ஊசி போடுறாங்கன்னு நாலு தெருவுக்குக் கத்துனாங்க. ஒருத்தராச்சும் வாசப்படி ஏறி வாங்கன்னு சொன்னாங்களா? அந்த நர்சு வந்துச்சாம், கதவு சாத்தியிருந்துச்சாம், நான் மறுத்துட்டேன்னு எழுதிக்கிச்சாம். நான் யாரு கிட்ட மறுத்தேன்? கேட்டாத்தானே மறுக்க?"

நியாயம்தான். நியாயம் என்று அம்மியிடம் சொல்ல முடியுமா? துவையலை அரைத்தேன். அவள் விடவில்லை.

"கல்யாணத்துக்கே அழைக்காதவங்க, ஊசிக்கு அழைக்குறாங்களாம்."

குழவி கையிலிருந்து நழுவி விரலில் விழுந்தது.

அழைக்கவில்லையா? நானா? அம்மியையும் கோழியையும் விட்டுவிட்டு நேரே சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டிருப்பேன். ராணி வந்து, "அத்தே, கையில ரத்தம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுதி வைக்கிறேன். வெற்றிலை, பாக்கு, பூ, சந்தனம், பத்திரிகை எல்லாம் பித்தளைத் தட்டில். மாம்பழக் கலர்ப் புடவை. நாற்பது வீட்டுக்கு மேல் ஏறி இறங்கி அழைத்தேன். அவள் வாசலிலும் நின்றேன். அவள் எழுந்து வாங்கவில்லை. எல்லாம் கண்ணில் இருக்கிறது.

விரல் வீங்கிவிட்டது. எழுத வலிக்கிறது.

ஐப்பசி 12, வெள்ளி

ராணி கோட்டுச்சேரியில் விற்றுவிட்டு மூன்று மணிக்கே வந்தாள். காலிக் கூடை. சந்தோஷம்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக்காரம்மா உண்டு. முதல் வருஷம் நான் கூடையோடு போனபோது, "அங்கயே நில்லு, கடக்கரைலேர்ந்து நோயக் கொண்டாறாதே" என்று சொல்லி, நான் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியவள். அந்தத் தெருப் பக்கமே இனிப் போவதில்லை என்றிருந்தேன். இன்று ராணி சொல்கிறாள், அதே அம்மா நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "ஒங்க மாமியாரு எப்புடி இருக்காங்க, ஊசி போட்டாச்சா" என்று கேட்டாளாம்.

"நீங்க கேட்டீங்கன்னு சொல்றேம்மான்னு சொன்னேன் அத்தே."

"டீ எந்தத் தம்ளர்ல?"

"அவுங்க குடிக்கிற தம்ளர்தான்."

சரி. மஞ்சள் தண்ணீர் நினைவிருக்கிறது. டீயையும் எழுதி வைத்தாயிற்று.

ஐப்பசி 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. கடல் சத்தம் தெரு வரை. பத்து மணிக்கு மைக்கில் சொன்னார்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாயிற்று, மறு அறிவிப்பு வரும் வரை யாரும் போகக் கூடாது. ஊர் சொன்னால் சொன்னதுதான். படகுகளை மேலே ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு நர்சுப் பெண் நினைவு. சேகரை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். நாளைக்கு நாலு மணிக்கு வருகிறாளாம். பெட்டி நிறையக் கொண்டு வருகிறாளாம். வலைக்கொட்டகைக்குப் போய்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் நானே சொன்னேன். பெண்கள் அங்கே போவதில்லை, வாசலில் நின்று சொன்னேன். அவருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அது கிடக்கட்டும். அவர் எழுந்து வந்து கேட்டார். கேட்டதும் நல்ல யோசனை என்றார். அதற்கு நன்றி.

கொட்டகையில் இருந்தவர்கள்தான் முனகினார்கள். ஒருவன், "ஊசி போட்டா கருவாடு திங்கக் கூடாதாமே" என்றான். இன்னொருவன், "கருவாட்ட விடு, தீவாளி வருது, அதுக்கு என்ன சொல்றாங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி போன் செய்தாள், புயல் என்று டிவியில் பார்த்தாளாம். பேச்சுவாக்கில் செல்லம்மா சொன்னதைச் சொன்னேன். "உன் கல்யாணத்துக்கு நான் அழைக்கலயாம். என்ன துணிச்சல் பாரு."

அந்தப் பக்கம் வள்ளி டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, சித்தி வீட்டுக்கு அப்பாதானே போனாங்க? நீங்க அன்னிக்கு நாகப்பட்டினத்துல கூறப்புடவ மாத்தப் போயிட்டீங்க. நான்தான் தட்டுல வெத்தல எடுத்து வச்சுக் குடுத்தேன்."

"இல்ல. நான் நின்னேன். மாம்பழக் கலரு பொடவ."

"அந்தப் பொடவ நீங்க மத்த வீட்டுக்கெல்லாம் கட்டிட்டுப் போனது. சித்தி வீடு பக்கத்து வீடுதானே, எப்ப வேணா அழச்சுக்கலாம்னு கடைசிக்கு வச்சிருந்தீங்க."

போனை வைத்துவிட்டேன்.

அவள் சொல்வதுதான் சரி. சொன்ன உடனே தெரிந்துவிட்டது. புடவையில் சரிகை பிரிந்திருந்தது, மாற்றப் போனேன், பஸ் கிடைக்காமல் இருட்டிவிட்டது. வந்ததும் அவரிடம், "செல்லம்மா வீட்டுக்குப் போனீங்களா" என்று கேட்டேன். "போனேன்" என்றார். எங்கள் பக்கம் பொம்பளையைப் பொம்பளைதான் வந்து அழைக்க வேண்டும். ஆம்பிளை மட்டும் தட்டோடு வந்தால் அது அழைப்பில் சேராது. எனக்கு அப்படி ஒருத்தி செய்திருந்தால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன். பதினேழு வருஷம் இல்லை, முப்பது வருஷம் சாத்தியிருப்பேன்.

டீச்சர் சொன்னது நினைவிருக்கிறது. மஞ்சள் தண்ணீர் நினைவிருக்கிறது. இது மட்டும் எப்படி என் கண்ணில் நான் அவள் வாசலில் நிற்கிற மாதிரியே ஆயிற்று?

சேகர் முந்தாநாள் கொண்டுவந்த பால்சுறா ஐஸில் இருக்கிறது. நாளைக்குப் புட்டு.

ஐப்பசி 15, திங்கள்

மழை. குடை ஒன்றுக்கும் உதவவில்லை.

காலையில் நானே கடைக்குப் போனேன். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம்.

"மழையில வந்துருக்கீங்க, என்ன விசேஷம் ஆயா?" என்று கடைக்காரன்.

"ஊசி."

அவன் பாக்கு மடித்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பார்க்கட்டும்.

பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். இரண்டு பேரும் தாலி அறுத்தவர்கள், அதனால் குங்குமம் இல்லை, பூ இல்லை. விதவை தட்டு தூக்கலாமா என்று ராணி கேட்டாள். "ஊசிக்கு எதுக்குடி சுமங்கலி" என்றேன். "நான் வேணா போயிட்டு வரட்டா அத்தே, நீங்க வழுக்கி விழுந்துருவீங்க" என்றாள். நல்ல மனசுதான். வேண்டாம் என்றுவிட்டேன்.

தூக்கில் சுறாப்புட்டு. பூண்டு நிறையத் தட்டிப் போட்டு.

கொல்லைச் சுவர் வழியாகக் கொடுத்திருக்கலாம், நாலு அடி. அது கூடாது. தெரு வாசலால் இறங்கி, தண்ணீரில் நடந்து, அவள் தெரு வாசலில் ஏறினேன். கருப்பி படியில் ஒதுங்கி நின்றிருந்தது, என்னைக் கண்டதும் உள்ளே ஓடியது. செல்லம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. தினம் பார்க்கிற தலைதான், சுவருக்கு மேலே. நேரே பார்த்து இவ்வளவு வருஷம்.

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"செல்லம்மா, நாலு மணிக்கு ஊசி. ஏலக்கூடத்துல. நீ அவசியம் வரணும்."

அவள் முறத்தில் கல் பொறுக்கினாள்.

"வள்ளி கல்யாணத்துக்கு அழைக்க நான் வரல. அவரத்தான் அனுப்பினேன். பக்கத்து வீடுதானேன்னு இருந்துட்டேன். தப்புதான்."

மழைச் சத்தம். தட்டில் வெற்றிலை நனைகிறது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கருப்பி, மழையில நிக்கிறாங்க பாரு. உள்ள வரச் சொல்லு."

போனேன். வெற்றிலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், அழுகல் இருக்கிறதா என்று. ஒன்றுகூட இல்லை. தூக்கைத் தூக்கிப் பார்த்துக் கனம் அறிந்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"கருப்பி, பூண்டு போதும், உப்பு தூக்கல்."

உப்பு சரியாகத்தான் இருந்தது.

நாலு மணி. ஏலக்கூடத்தில் ஊரே. மீன் வைக்கிற கோட்டில் ஆட்கள் நிற்கிறார்கள். நர்சுப் பெண்ணுக்குக் கை ஓயவில்லை. ஒருவன் கேட்டான், கருவாடு உண்டா இல்லையா என்று. "கருவாடு தாராளமா. பாட்டில்தான் ரெண்டு நாளைக்கு வேணாம். வியாழக்கெழமதானே தீவாளி, எண்ணிப் பாருங்க" என்றாள். விரலை விட்டு எண்ணிவிட்டு வரிசையில் நின்றான்.

நாலரை ஆயிற்று. செல்லம்மாவைக் காணோம். என் முறை வந்தது. பின்னால் நின்றவர்களை முன்னால் போகச் சொல்லி ஒதுங்கி நின்றேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம். சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு தூணுக்கு ஒரு தூண் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டியிருந்தது மடிப்புக் கலையாத புடவை. கல்யாணத்துக்குப் போகிற புடவை.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்சு சட்டைக் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கவில்லை.

"மொதல்ல அத அடி."

"எதைங்க?"

"எம்பேருக்கு நேரா என்னமோ எழுதி வச்சிருக்கியாமே. அத அடி. பொறவு குத்து."

அந்தப் பெண் தாளைத் தேடி எடுத்தாள். சிவப்பு எழுத்தின் மேல் கோடு போட்டாள். செல்லம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. என் பக்கம் தாளைத் தள்ளினாள். நான் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பிறகுதான் கையைக் காட்டினாள்.

அவளுக்கு முதல், எனக்கு இரண்டாவது. அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். பேசவில்லை. கோழியும் இல்லை, அம்மியும் இல்லை.

நர்சுப் பெண் போகும்போது பெட்டி காலி. "ஆயா, ஒரே நாள்ல இவ்ளோ போட்டதில்ல" என்றாள். மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், நேரமில்லை என்றாள். ராணி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். முகக்கவசத்துக்கு மேலே அந்தப் பெண்ணின் கண் மட்டும் தெரிந்தது. நன்றாக இருக்கட்டும்.

ஐப்பசி 16, செவ்வாய்

காற்று குறைந்தது. கூண்டு இறக்கவில்லை.

எனக்குக் கை கனக்கிறது. செல்லம்மாவுக்கு விடியலில் காய்ச்சல். நர்சு சொல்லிவிட்டுத்தான் போனாள், ஒரு நாள் இருக்கும், மாத்திரை போதும் என்று. பஞ்சாயத்துக் கருவியை வாங்கி வந்து சேகர் பார்த்தான். எண் நன்றாக இருக்கிறது. ஒரு ஊசியோடு அசட்டையாக இருக்கக் கூடாது, பனிக்காலம் முழுக்கக் கவசம் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். சரி.

கஞ்சி வைத்தேன். சுட்ட நெத்திலி. நேற்றே தூக்கு சுவர் மேல் வந்துவிட்டது, வெறுமனே இல்லை, உள்ளே நாலு கோழி முட்டை. அதே தூக்கில் ஊற்றி அதே இடத்தில் வைத்தேன்.

"அம்மி, கஞ்சி ஆறிடும்."

சத்தம் இல்லை. கொஞ்சம் பயந்துவிட்டேன். பிறகு செருப்புச் சத்தம். தூக்கை எடுத்தாள். குடித்தாள், கேட்டது. இருமினாள், நேற்றைவிடக் குறைவுதான், அல்லது எனக்கு அப்படி.

"கருப்பி."

நான் அம்மியைக் கழுவுவதை நிறுத்தினேன்.

"ரெண்டாவது ஊசி தையிலயாம். அதுக்கும் வெத்தல வச்சு அழச்சாத்தான் வருவேன்னு அக்காகிட்ட சொல்லு."

அக்கா.

முதல் நாள் எழுதிய பட்டியலை எடுத்துக் கீழே சேர்த்தேன்: செல்லம்மாவுக்கு ஒன்று ஆயிற்று.

தை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பழம். தட்டு பரண் மேல். ராணியை அனுப்பக் கூடாது. நானே.